வீட்டுக் கொட்டகையில் காரைத் தூக்கலாமா?

காரைப் பழுது பார்ப்பவர் அதன் அடியில் மல்லாந்து படுத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் முகத்தில் சொட்டும். கை நீட்ட இடமிருக்காது. பட்டறைகளிலோ வேறு காட்சி. இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவே கார் தலைக்கு மேலே நிற்க, மெக்கானிக் நின்றபடியே வேலை செய்கிறார். 1911-இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் நிறுவனம் தொடங்கப்பட்ட நாள் முதல் மோட்டார் தொழிலுக்குப் பழக்கப்பட்ட ஊர் மதுரை. அங்கே கே.கே. நகரில் புதிதாக வீடு கட்டும் ஒருவர், "என் கார் கொட்டகையிலும் இப்படி ஒரு தூக்கி வைத்தால் என்ன?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். வைக்கலாம். ஆனால் கொத்தனார் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே கணக்குப் போட்டாக வேண்டும். கட்டி முடித்த பிறகு கூரையை உயர்த்த முடியாது அல்லவா?

தூக்கி எதற்கு, குழி வெட்டினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். லாரி பட்டறைகளில் குழிதான் வழக்கம். ஆனால் கே.கே. நகரை ஒட்டி வண்டியூர்க் கண்மாய் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால் அக்கம்பக்கத்து நிலத்தடி நீரும் மேலே வரும். 3 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழத்தில் நீர் புகாத சிமெண்டுக் குழி ஒன்றைக் கட்டியிருக்கிறீர்கள், நிலத்தடி நீர் தரைமட்டம் வரை வந்துவிட்டது என்று கொள்வோம். குழி வெளியே தள்ளும் நீரின் கன அளவு ஏறக்குறைய 4 கன மீட்டர். ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி, 4 டன் விசை அந்தக் குழியைக் கீழிருந்து மேலே தள்ளும்! குழியின் எடை போதாவிட்டால் தளம் விரிசல் விடும், தண்ணீர் ஊறும்.

அதைவிடப் பெரிய ஆபத்து பெட்ரோல் ஆவி. அது காற்றைவிடக் கனமானது. காரிலிருந்து கசிந்தால் பறந்து போகாது. பள்ளத்தில் இறங்கித் தேங்கி நிற்கும். குழிக்குள் ஒரு விளக்கைப் போடும்போது எழும் சிறு பொறி போதும். ஆகவே வீட்டில் குழி வேண்டாம் என்பதே என் கருத்து.

இனி உயரம். பழைய அம்பாசிடர் காரின் உயரம் சுமார் 1.6 மீட்டர். அதன் அடியில் ஓர் ஆள் நிமிர்ந்து நிற்க 1.75 மீட்டர் வேண்டும். மேலே கொஞ்சம் இடைவெளி விட்டால் 3.5 மீட்டர், அதாவது பதினொன்றரை அடி ஆகிறது. நம் வீடுகளில் கூரை பெரும்பாலும் 10 அடிதான். அதிலும் கூரைக்குக் கீழே ஓர் அடி இறங்கி நிற்கும் பீம் இருந்தால், அதன் அடிப்புறம் வரைதான் கணக்கு. காருக்கு நேர் மேலே மின்விசிறி மாட்டுகிறவர்களும் உண்டு. அகலத்தையும் மறந்துவிடக் கூடாது. இரண்டு தூண்களும் அடித்தகடுகளும் சேர்ந்தே ஏறக்குறைய 11 அடி பிடிக்கும். கொட்டகை 12 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். நீளம் 20 அடி.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தரை. கார் கனமானது, ஆகவே அது தரையைக் கீழ்நோக்கி அழுத்தும் என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் தூக்கி தரையைப் பிய்த்து எடுக்கவும் பார்க்கிறது! எப்படி? 1,500 கி.கி. எடையுள்ள ஒரு காரில், ஒவ்வொரு தூணும் 750 கி.கி. தாங்குகிறது. ஆனால் அந்தப் பளு தூணின் மேல் நேராக இல்லை. நீட்டிய கையின் நுனியில் இருக்கிறது. கிணற்றடி ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சால் இழுத்தால் மறுபக்கம் மேலே எழும். இங்கேயும் அப்படித்தான். தூணின் அடித்தகட்டின் உள்விளிம்பே தாங்குபுள்ளி. அதிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பளு, எதிர்ப்பக்கம் 40 செ.மீ. தூரத்தில் தரையில் இறுக்கிய போல்டுகள். தூணின் எடையை விட்டுவிட்டால், திருப்புத்திறன் கணக்குப்படி போல்டுகளின் மேல் விழும் இழுவிசை:

750 × 60 ÷ 40 = 1,125 கி.கி.

இவ்வளவு விசையோடு போல்டுகள் மேல்நோக்கி இழுக்கப்படுகின்றன. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்குவதில் பயில்வான். இழுவையைத் தாங்குவதில் நோஞ்சான். மணல் நிரப்பி, மேலே மூன்று அங்குலம் ஜல்லிக் கலவை போட்டு, டைல்ஸ் ஒட்டிய சாதாரணத் தரையில் போல்டை இறுக்கினால், ஒரு கூம்பு வடிவத் துண்டோடு அது பிய்ந்து வந்துவிடும். கம்பி வலை கட்டிய நல்ல கான்கிரீட் வேண்டும். எம்-20 என்னும் தரக் கலவையின் பெயரில் உள்ள 20, சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்கும் வலிமையைக் குறிக்கிறது. அந்த வலிமையை 28 நாள் வயதில் சோதித்து அளக்கிறார்கள். தொடக்க நாட்களில் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பத்தாம் நாள் தூணை நிறுத்துவது தவறு.

இன்னொன்று: இரண்டு தூண்களுக்கும் தனித்தனியே சிறு மேடை போடாமல், ஒரே தளமாகப் போட வேண்டும். தனி மேடை என்றால் ஒவ்வொன்றும் காரை நோக்கிச் சாயப் பார்க்கும். ஒரே தளமானால் மொத்தப் பளுவும் அதன் நடுவே விழுகிறது; சாய வழியில்லை. மதுரைச் சமவெளியில் செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. களிமண் மிகுந்த கரிசல் ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். எனவே மண்ணைப் பார்த்துத் தளத்தின் கனத்தைத் தீர்மானிக்க ஒரு கட்டடப் பொறியாளர் தேவை.

சரி, காரை மேலே தள்ளுவது எது? எண்ணெய்! அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கல் (1623–1662) கண்டறிந்தார். அதைக் கொண்டு நீரழுத்த எந்திரம் செய்து 1795-இல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா. தூக்கியில் உள்ள பிஸ்டனின் விட்டம் 6 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 28 சதுர செ.மீ. அது 750 கி.கி. பளுவை நேரடியாகத் தூக்க, சதுர செ.மீ.க்கு 27 கி.கி. அழுத்தம் வேண்டும். கார் டயரில் இருப்பது சுமார் 2 கி.கி.தான்.

பழைய சர்வீஸ் ஸ்டேஷன்களில் தரையிலிருந்து ஒற்றைத் தூண் எழும்பிக் காரைத் தூக்குமே, அது வேறு தந்திரம். அதன் பிஸ்டன் மிகவும் பருமனானது. விட்டம் 25 செ.மீ. இருந்தால் பரப்பு 490 சதுர செ.மீ. மேடையும் காருமாக 2,000 கி.கி. இருந்தாலும் சதுர செ.மீ.க்கு 4 கி.கி. அழுத்தம் போதும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரே அந்த வேலையைச் செய்துவிடும்!

ஊசி கழற்றிய இரண்டு சிரிஞ்சுகளில், ஒன்று சிறியது, ஒன்று பெரியது, தண்ணீர் நிரப்பிப் பிளாஸ்டிக் குழாயால் இணையுங்கள். சிறியதை 4 செ.மீ. அழுத்தினால் பெரியது எவ்வளவு உயர்கிறது? அளந்து பாருங்கள். விசையில் கிடைத்த இலாபம் தூரத்தில் போய்விடுவது தெரியும்.

எண்ணெயை மட்டும் நம்பி யாரும் காரின் அடியில் போகக் கூடாது. வாஷர் கசியலாம், குழாய் வெடிக்கலாம். அதனால்தான் கார் ஏறும்போது தூணுக்குள் 'டக், டக்' என்று பற்கள் பூட்டிக்கொண்டே வருகின்றன. வேண்டிய உயரம் வந்ததும் சற்றே இறக்கி, பளு முழுவதையும் அந்த இரும்புப் பூட்டின் மேல் உட்கார வைத்த பிறகே உள்ளே நுழைய வேண்டும். ஜாக்கியால் தூக்கிச் செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுக்கும் பழக்கம் இன்னும் சில தெருக்களில் இருக்கிறது. செங்கல் எச்சரிக்கை தராமல் உடையும். அப்படி நிற்கும் காரின் அடியில் உங்கள் அண்ணனோ மாமாவோ படுத்திருந்தால், உடனே வெளியே வரச் சொல்லுங்கள்.

ஈர்ப்பு மையத்தையும் கவனிக்க வேண்டும். முன்பக்கம் இயந்திரமுள்ள காரைத் தூக்கி வைத்துவிட்டு இயந்திரத்தைக் கழற்றினால், ஈர்ப்பு மையம் பின்னால் நகரும். கைகளின் தாங்குபுள்ளிகளைத் தாண்டினால் கார் பின்புறமாகச் சரியும். கனமான பாகத்தைக் கழற்றும் முன் மறுமுனைக்கு முட்டுக் கொடுப்பது இதற்காகத்தான்.

கொட்டகை 10 அடிக்கு மேல் உயராது என்றால் வேறு வழி உண்டு. கத்தரிக்கோல் போல் மடிந்து விரியும் தாழ்வான தூக்கி, காரை 1 மீட்டர் வரை உயர்த்தும். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பிரேக், சக்கர வேலைகளைச் செய்துகொள்ளலாம்.

மின்கட்டணம் பற்றிப் பயம் வேண்டாம். 1,500 கி.கி. காரை 1.8 மீட்டர் உயர்த்தத் தேவைப்படும் ஆற்றல் 1,500 × 9.8 × 1.8 = 26,460 ஜூல். உராய்வில் வீணாவதையும் சேர்த்து, 1,500 வாட் மோட்டார் 45 விநாடி ஓடுகிறது என்றாலும் 67,500 ஜூல்தான். ஒரு யூனிட் என்பது 36 இலட்சம் ஜூல். ஒரு யூனிட் மின்சாரத்தில் அந்தக் காரை ஐம்பது தடவைக்கு மேல் தூக்கலாம். இறங்குவதற்கு மின்சாரமே வேண்டாம். வால்வைத் திறந்தால் காரின் எடையே எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பிவிடும்.