நாற்காலியைத் தொடும் முன் மரத்தைப் படிப்போம்

பல்லாவரம் பழைய டிரங்க் சாலையில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையை நம்மில் பலரும் பார்த்திருப்போம். செடிகள், புறாக்கள், பழைய மின்சாதனங்கள், புத்தகங்கள் இவற்றுக்கு நடுவே கால் ஆடும் தேக்கு நாற்காலிகளும் இருக்கை கிழிந்த சாய்வு நாற்காலிகளும் விற்பனைக்கு நிற்கும். சந்தை வரை போக வேண்டியதுகூட இல்லை. தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் பக்கத்துப் பழைய வீடுகளின் மாடிப்படி அடியில் இப்படி ஒரு நாற்காலியாவது கிடக்கும்.

இதைச் சரிசெய்ய நினைப்பவர் பெரும்பாலும் முதலில் வாங்குவது உப்புத்தாளும் வார்னிஷும்தான். ஆனால் முதல் வேலை தேய்ப்பதல்ல. அந்தப் பொருள் எதனால் ஆனது, எப்படி இணைக்கப்பட்டது, மேலே என்ன பூசப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை. இதை அறியாமல் தொடங்கினால் நல்ல மரமும் வீணாகும். சில நேரம் வீட்டுக் குழந்தைகளின் உடல்நலமும் கெடும்.

அகக்காழும் புறக்காழும்

தொல்காப்பிய மரபியல் தாவரங்களை இரண்டாகப் பகுக்கிறது. உள்ளே வைரம் உடையது மரம். வெளியே வைரம் உடையது புல். இலக்கண வகுப்பில் நாம் சொல்லிக் கடந்துபோகும் இந்தப் பகுப்பு ஒரு பழைய பிரம்பு நாற்காலியில் அப்படியே கண்முன் நிற்கிறது.

நாற்காலியின் சட்டம் தேக்கு. அது அகக்காழ். உள்ளே இருக்கும் வைரப் பகுதியில் இயற்கையான எண்ணெய்ப் பசையும் பூச்சியை எதிர்க்கும் பொருள்களும் உண்டு. வெளிப்புறத்து வெளிறுப் பகுதியில் அவை குறைவு. அதனால்தான் உளுத்துப்போன தேக்கு நாற்காலியிலும் வெளிறு மட்டும் மாவாகி, வைரம் அப்படியே நிற்பதைப் பார்க்கிறோம். மேல்பரப்பைத் தேய்த்தாலும் இழைத்தாலும் உள்ளே நல்ல மரம் இருக்கிறது.

இருக்கையில் பின்னியிருப்பது பிரம்பு. அது பனை இனத்தைச் சேர்ந்த கொடி, புறக்காழ். அதன் உறுதி முழுவதும் வெளித்தோலில் இருக்கிறது. பின்னுவதற்கான பட்டையை அந்தத் தோலிலிருந்துதான் உரிக்கிறார்கள். சட்டத்தைத் தேய்க்கும் வேகத்தில் பிரம்பையும் உப்புத்தாளால் தேய்த்தால், அதன் பலம் எங்கே இருக்கிறதோ அதையே தேய்த்து எடுக்கிறோம். பிரம்பை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

வெள்ளம் காட்டிய வேறுபாடு

2015 டிசம்பர் 1 காலை தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாறு கரை கடந்து முடிச்சூர், வரதராஜபுரம் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்தபின் தெருக்களில் குவிந்த பொருள்களில் மரச்சாமான்களும் ஏராளம். அவற்றில் பார்ட்டிகிள் போர்டு அலமாரிகள் ஊறி, உப்பி, ஓரம் உதிர்ந்து கிடந்தன. அவற்றுக்கு மறுவாழ்வு இல்லை. அது மரத்தூளையும் சில்லுகளையும் பசையால் அழுத்திச் செய்த பலகை; ஒருமுறை உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆனால் அவற்றுடனேயே பல வீடுகளில் மூட்டு கழன்ற தேக்கு நாற்காலிகளும் கட்டில்களும் ‘கெட்டுப்போனவை’ என்று வெளியேறின. அவற்றில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றியிருக்க முடியும். திடமரம் தண்ணீரில் விரியும், காய்ந்தால் சுருங்கும்.

வெள்ளத்தில் நனைந்த மரச்சாமானை முதலில் நல்ல தண்ணீரில் கழுவிச் சேற்றை நீக்க வேண்டும். பஞ்சு, ஃபோம், துணி இவற்றைக் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். சாக்கடை நீர் கலந்தவற்றைக் காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது. மரத்தை வெயிலில் வைக்கக் கூடாது. வெளிப்பக்கம் விரைவாகவும் உள்பக்கம் மெதுவாகவும் காய்ந்தால் வெடிப்பு விழும். காற்றோட்டமான நிழலில் வாரக்கணக்கில் வைக்க வேண்டும்.

காய்ந்துவிட்டதா என்று எப்படி அறிவது? நாற்காலியைக் கையில் பிடித்துக்கொண்டு எடைக் கருவியில் நின்று, நம் எடையைக் கழித்து, வாரம் ஒருமுறை குறித்து வாருங்கள். எடை குறைந்துகொண்டே வரும். தொடர்ந்து இரண்டு மூன்று வாரம் மாறாமல் நின்றால் உள்ளே இருந்த ஈரம் வெளியேறிவிட்டது என்று கொள்ளலாம்.

மூட்டுக்கு முதலிடம்

ஆடும் நாற்காலிக்கு ஆணி அடிப்பது நம் வழக்கம். எங்கள் தெருத் தச்சர் இதைக் கண்டாலே கோபப்படுவார். “ஆணி இன்னிக்கு நிக்கும் சார், நாளைக்குப் பொளக்கும்” என்பார். பழைய நாற்காலியில் ஒரு சட்டத்தின் கழுந்து இன்னொரு சட்டத்தின் துளைக்குள் பொருந்தியிருக்கும். ஆணி அந்தக் கழுந்தைப் பிளந்துவிடும். பிறகு தச்சராலும் எளிதில் சரிசெய்ய முடியாது.

ஃபெவிகால் 1959இல் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் தச்சர்கள் காய்ச்சிப் பயன்படுத்தியது விலங்குத் தோலிலிருந்து எடுத்த வச்சிரப் பசை. அது தண்ணீரிலும் சூட்டிலும் இளகும். வெள்ளத்தில் பழைய மூட்டுகள் கழன்றதற்கு இதுவும் ஒரு காரணம். அதே குணம் நமக்கு உதவவும் செய்கிறது. வெந்நீரில் நனைத்த துணியை மூட்டின்மேல் சுற்றிச் சிறிது நேரம் வைத்து, மரச் சுத்தியால் மெல்லத் தட்டினால் மூட்டு சேதமின்றிப் பிரியும். பிரிக்கும் முன் ஒவ்வொரு கழுந்துக்கும் துளைக்கும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதிக்கொள்ள வேண்டும். கையால் செய்த நாற்காலியில் ஒரு கழுந்து தன் துளையில் மட்டுமே சரியாகப் பொருந்தும்.

காய்ந்த பழைய பசையின்மேல் புதுப்பசை ஒட்டாது. அதைச் சுரண்டி மரம் தெரியும்படி செய்ய வேண்டும். கழுந்து தளர்வாக இருந்தால் மெல்லிய தேக்குச் சில்லை ஒட்டிப் பருமனைக் கூட்டலாம். பசையிட்டுப் பொருத்தியபின் ‘கிளாம்ப்’ இல்லாவிட்டால், கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, இடையில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கி இறுக்கலாம். 24 மணி நேரம் அசைக்கக் கூடாது.

இறுக்கிய உடனே, பசை காயும் முன், சட்டம் கோணலாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கைச் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் போதும். செவ்வகத்தில் அவை சமம். முன்பக்கம் அகன்று பின்பக்கம் குறுகிய இருக்கை இருசமபக்கச் சரிவகம். அதிலும் மூலைவிட்டங்கள் சமமே. வேறுபாடு இருந்தால் நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் உள்நோக்கி அழுத்திச் சரிசெய்யலாம்.

பழைய பெயின்ட்: இங்கே நின்று யோசிக்க வேண்டும்

வார்னிஷ் நாற்காலிக்கும் பெயின்ட் அடித்த நாற்காலிக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. பழைய எனாமல் பெயின்ட்களில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயச் சேர்மங்கள் சேர்க்கப்பட்டு வந்தன. வீட்டு உபயோகப் பெயின்ட்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்தைய பெயின்ட் எதையும் ஈயம் உள்ளதாகவே கருதுவது நல்லது.

உட்கொள்ளும் ஈயத்தைப் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல் 4 முதல் 5 மடங்கு அதிகமாக ஈர்த்துக்கொள்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கவனக்குறைவு, கற்றலில் பின்னடைவு என்று நாம் வகுப்பறையில் காண்பவற்றுக்கு ஈயமும் ஒரு காரணமாக இருக்கலாம். பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்கும்போது எழும் நுண்தூசி தரையில் படியும். தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குப் போகும்.

எனவே பழைய பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்கக் கூடாது. தீயில் வாட்டி எடுக்கவும் கூடாது. தண்ணீரில் பயன்படுத்தும் உப்புத்தாளைக் கொண்டு நனைத்தே தேய்க்க வேண்டும். கீழே பிளாஸ்டிக் விரிப்பு, முகத்தில் என்-95 முகக்கவசம் அவசியம். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அருகில் இருக்கக் கூடாது. முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, விரிப்போடு சுருட்டிக் கட்டி, தூய்மைப் பணியாளரிடம் தனியாகச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். வேலை செய்த உடையைத் தனியே துவைக்க வேண்டும். பழைய பெயின்ட் உறுதியாக ஒட்டியிருந்தால், அதன்மேலேயே புதுப்பூச்சு கொடுப்பது இன்னும் பாதுகாப்பானது.

பள்ளிக்கும் இது பொருந்தும். பெயின்ட் அடித்த பழைய பெஞ்சுகளைத் தேய்க்கும் வேலையை எந்தக் காரணம் கொண்டும் மாணவர்களிடம் கொடுக்கக் கூடாது.

மெருகு

பழைய தேக்குச் சாமான்களில் பெரும்பாலும் இருப்பது அரக்கு மெருகு. அரக்குப் பூச்சி புரசு போன்ற மரங்களின் கிளைகளில் சுரக்கும் பிசினைச் சுத்திகரித்து, ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொதியால் பூசுவது இது. கடைகளில் பிரெஞ்ச் பாலிஷ் என்று கேட்டால் கிடைக்கும். அரக்கு உற்பத்தியில் உலகில் முன்னணியில் இருப்பது இந்தியா. இதற்கான ஆராய்ச்சி நிலையம் ராஞ்சி அருகே நாம்குமில் 1924இல் தொடங்கப்பட்டது.

இருப்பது அரக்குதானா என்று அறிய, கண்ணில் படாத ஓர் இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுத் தேயுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. அப்படியானால் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டிய தேவை இல்லை. புதிதாகப் பூசும் அரக்கு பழைய அடுக்கைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். அழுக்கைத் துடைத்து, 320 எண் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, மெல்லிய பூச்சாகப் பலமுறை கொடுத்தால் போதும். ஆனால் அரக்கு வெந்நீருக்கும் சூட்டுக்கும் தாங்காது. சூடான டம்ளர் வைக்கும் மேசைக்கு வார்னிஷ் பொருத்தம்.

வெறும் மரம் வரை போக வேண்டியிருந்தால் 100, 150, 220 என்று படிப்படியாக நுண்மையான தாளுக்கு மாற வேண்டும். எப்போதும் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். ஒட்டுப்பலகையின் மேல்தோல் 1 மி.மீ.க்கும் குறைவு, அதில் இவ்வளவு தேய்த்தால் அடிப்பலகை தெரிந்துவிடும்.

நம் ஊரில் காலமும் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றில் ஈரம் மிகுதி. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து மெருகு வெள்ளையாகப் பூத்துப்போகும். தை முதல் சித்திரை வரை நல்ல பருவம். ஆளி விதை எண்ணெய் பூசுவோர் எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடக் கூடாது; அது தானே சூடாகித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தோ விரித்துக் காயவைத்தோ பிறகே எறிய வேண்டும்.

இருக்கை

பிரம்புப் பட்டையை அரை மணி நேரம் ஊறவைத்துப் பின்ன வேண்டும். ஈரத்தில் வளையும், காய்ந்ததும் சுருங்கி இறுகும். முன்பின்னாக இரண்டு வரிசை, பக்கவாட்டில் இரண்டு, பிறகு மூலைவாட்டில் எதிரெதிராக இரண்டு என ஆறு படிகள். முடிவில் ஓரத்தை மறைக்கும் கட்டு. ஆறாவது படி முடிந்ததும் சதுரத் துளைகள் எண்கோணங்களாக மாறியிருக்கும். பொறுமை உள்ளவர்கள் சில நாள்களில் ஒரு இருக்கையை முடிக்கலாம். மயிலாடுதுறை மாவட்டம் கொள்ளிடத்தை அடுத்த தைக்கால் கிராமத்தில் இன்றும் பிரம்பு வேலை நடக்கிறது.

நாற்காலி பின்னுவது பார்வையற்றோருக்கான தொழிற்பயிற்சியில் நெடுங்காலமாக இடம்பெற்ற கைத்தொழில். துளைகளை விரல் எண்ணும். இறுக்கத்தை விரல் உணரும். பிளாஸ்டிக் நாற்காலி பரவியதில் அவர்களில் பலருடைய வேலை குறைந்தது. நம்மால் பின்ன முடியாவிட்டால், பின்னத் தெரிந்தவரைத் தேடிக் கொடுப்பதும் புதுப்பித்தல்தான்.

மெத்தை இருக்கையாக இருந்தால் பழைய உறையைக் கிழிக்காமல் கழற்றி, அதையே அளவுத் துணியாக வைத்துக்கொள்ளலாம். அது இல்லையென்றால் கணக்குப் போடலாம். 18 அங்குல இருக்கை, 2 அங்குல ஃபோம், அடியில் மடிக்க 3 அங்குலம் என்றால் துணியின் பக்கம் 18 + 4 + 6 = 28 அங்குலம். தினமும் உட்காரும் இருக்கைக்கு 40 டென்சிட்டி ஃபோம் விரைவில் அமுங்காது. துணியை ஒரு பக்கமாக அடித்துக்கொண்டே போகக் கூடாது. நான்கு பக்கங்களின் நடுவிலும் ஒவ்வொரு ஆணி அடித்து, அங்கிருந்து மூலைகளை நோக்கி நகர்ந்தால் சுருக்கம் விழாது. நம் வியர்வைக்கு ரெக்சினைவிடப் பருத்தித் துணி இதம்.

வகுப்பறைக்குக் கொண்டு செல்ல

மூலைவிட்டம், சரிவகம், எண்கோணம், ஆவியாதல், கரைசல், அகக்காழ், புறக்காழ் என ஒரு நாற்காலியில் பல பாடங்கள் இருக்கின்றன. பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் உள்ள பொருளைச் சரிசெய்வதானால் தலைமையாசிரியரின் அனுமதியும் பள்ளி மேலாண்மைக் குழுவின் ஒப்புதலும் பெற்றே தொடங்க வேண்டும். அதற்கு முன் வீட்டிலிருந்து ஓர் எளிய செயல்பாட்டைத் தரலாம். வீட்டில் உள்ள ஐந்து பொருள்களைத் திடமரம், ஒட்டுப்பலகை, பார்ட்டிகிள் போர்டு, பிரம்பு, பிளாஸ்டிக் என மாணவர்கள் இனம்பிரித்து எழுதி வரட்டும். உடைந்தால் எதைச் சரிசெய்யலாம், எதை முடியாது என்று காரணத்தோடு பேசட்டும்.

வாய்ப்பிருந்தால் அந்தப் பகுதியின் தச்சரையோ பிரம்பு பின்னுபவரையோ ஒரு பாடவேளைக்கு வகுப்புக்கு அழைக்கலாம். அன்று அவருக்கு ஆகும் கூலி இழப்பை நாம் ஈடுசெய்துவிட வேண்டும்.