ஹல்துமுல்லையில் ஒரு நாள்

இலங்கையின் மிக உயரமான நீர்வீழ்ச்சியான பம்பரகந்த (263 மீற்றர்) ஹல்துமுல்லைப் பிரதேசத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, கொஸ்லந்தை வழியாகத் தியலுமவுக்குப் போனோம். கொஸ்லந்தையை நெருங்கியதும் பஸ்ஸில் பாட்டு நின்றது.

2014 ஒக்டோபர் 29 காலை, அங்குள்ள மீரியபெத்த தோட்ட லயன்களை மண்சரிவு மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினர். அவர்கள் திரும்பி வர வீடு இருக்கவில்லை.

அருவியை நிரப்பும் மழைதான் மலைச்சரிவிலும் ஊறுகிறது. நாட்கணக்கில் பெய்தால் மண் பாரமாகிப் பிடிப்பை இழக்கும். நிலத்தில் வெடிப்பு, மரங்கள் சாய்தல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் ஆகியவை முன்னறிகுறிகள். தோட்டத்து மக்கள் இவற்றைக் கவனித்தபடியே உறங்க வேண்டியிருக்கிறது. நாங்களோ படமெடுத்துக்கொண்டு மாலையே திரும்பிவிட்டோம்.

மழை மாதங்களில் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை முதல்நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.