சைக்கிளில் வரும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை

அயனம்பாக்கத்திலிருந்து பூண்டி வரை ஒரு நாள் பயணம். நகரத்தார் கிராமத்துச் சாலையில் தேடுவது எதை? அதில் சிறு விவசாயிக்கு என்ன கிடைக்கும்?

ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது விடியும் முன்பே சென்னையின் மேற்குப் பகுதியிலிருந்து சைக்கிள்கள் கிளம்பிவிடுகின்றன. அம்பத்தூர், முகப்பேர், அயனம்பாக்கம், ஆவடி என ஆங்காங்கே நாலைந்து பேராகச் சேர்ந்து புறப்படுகிறார்கள். கணினி நிறுவன ஊழியர், வங்கி ஊழியர், பணி ஓய்வு பெற்றவர், கல்லூரி மாணவர் என எல்லோரும் இதில் உண்டு. யாரும் வேலைக்குப் போகவில்லை. இரைச்சல் இல்லாத சாலையில், ஏரிக்காற்றில், பச்சை வயலைப் பார்த்தபடி மிதித்துவிட்டு மதியத்துக்குள் வீடு திரும்பவேண்டும், அவ்வளவுதான்.

நமக்குச் சைக்கிள் என்றால் உழைப்பாளியின் வண்டி. பால் கேனும் கீரைக்கட்டும் சந்தைக்குப் போனது அதில்தான். பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் சைக்கிள்களைத் தயாரித்த டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949-ல் தொடங்கப்பட்டது. அதன் தொழிற்சாலை இருந்தது அயனம்பாக்கத்துக்குப் பக்கத்திலுள்ள அம்பத்தூரில். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அந்தச் சைக்கிள் அப்போது விளைபொருளை நகரத்துக்குக் கொண்டுபோனது. இப்போது வாங்குபவரையே வயலோரம் கொண்டுவருகிறது.

ஏரியிலிருந்து ஏரிக்கு

அயனம்பாக்கம் ஏரி ஒரு காலத்தில் பாசன ஏரி. இன்று அதைச் சுற்றிலும் வீடுகள். மதகு திறந்தால் தண்ணீர் பாய வேண்டிய நிலமெல்லாம் மனைகளாகிவிட்டது. இங்கே கிளம்பும் சைக்கிள், கூவம் ஓடும் திருவேற்காடு, பருத்திப்பட்டு, ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் வழியாகப் பூண்டிக்குப் போகிறது. ஒருவழித் தூரம் சுமார் 40 கிலோமீட்டர். ஆவடி வரை கட்டடங்கள்தான். திருநின்றவூர் தாண்டினால் ஒருபக்கம் நெல் வயல், மறுபக்கம் மனைப்பிரிவுக் கற்கள் என மாறிமாறி வரும். திருவள்ளூரைக் கடந்து பூண்டிச் சாலையில் திரும்பிய பிறகுதான் கண்ணுக்கு முழுசாகப் பச்சை தெரியும். நவரைப் பட்டத்தில், தை, மாசி மாதங்களில், இந்தப் பகுதி மிக அழகாக இருக்கும்.

பூண்டி நீர்த்தேக்கம் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடிக்கப்பட்டது. தீரர் சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கியது. 1996 முதல் கிருஷ்ணா நீர் இங்கேதான் வந்து சேர்கிறது. சென்னைக்காரர் தாம் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க நல்ல இடம். பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமும் இருக்கிறது. அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-ல் இராபர்ட் புரூஸ் பூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்.

இத்தனை தூரம் மிதித்து வருபவர் வழியில் டீக்கடையில் நிற்கிறார், பாட்டில் தண்ணீர் வாங்குகிறார், பாக்கெட் பிஸ்கட் தின்கிறார். இருபுறமும் வயல் இருந்தும், அந்த வயலில் விளைந்தது எதுவும் அவர் கைக்கு வருவதில்லை.

புகையிலை போன பிறகு

இதே நிலையை வேறு விதமாகக் கையாண்ட ஊர்கள் ஆஸ்திரேலியாவில் உண்டு. விக்டோரியா மாநிலத்தில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு பல தலைமுறைகளாகப் புகையிலை விளைந்த பூமி. 2006-ல் அங்கே புகையிலைச் சாகுபடி முடிவுக்கு வந்தது. இலையை உலர்த்திய சூளைக் கொட்டகைகள் இன்னும் நிற்கின்றன. அந்தப் பள்ளத்தாக்கு வழியே போன ரயில் பாதையும் மூடப்பட்டுவிட்டது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு, அதே தடத்தில் சைக்கிள் பாதை போட்டார்கள். வாங்கரட்டாவிலிருந்து பிரைட் வரை, பண்ணைகளுக்கு நடுவே, கார் தொந்தரவு இல்லாமல் நாள் முழுக்கப் போகலாம். வழியில் திராட்சைத் தோட்டம், பீருக்கான ஹாப்ஸ் கொடி, வால்நட், செஸ்ட்நட் தோப்புகள்.

ஆஸ்திரேலிய கிராமப்புறங்களில் பண்ணை வாசலிலேயே விற்பது சாதாரண வழக்கம். ஒரு மேசையில் பழமோ முட்டையோ தேனோ வைத்து, விலையை எழுதி, ஒரு பணப்பெட்டியையும் வைத்துவிட்டு விவசாயி தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். வருபவர் எடுத்துக்கொண்டு பணத்தைப் போட்டுவிட்டுப் போவார். நம்மிடம் இப்போது பணப்பெட்டிக்குப் பதில் கியூஆர் கோடு அட்டையே இருக்கிறது. ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்குவது அரசின் கையில். மேசை போடுவது நம் கையில்.

என்ன விற்கலாம்?

பூண்டிக்குப் போய்த் திரும்புபவர் சுமார் 1,500 முதல் 2,000 கலோரி வரை செலவழிக்கிறார். வியர்வையில் தண்ணீரும் உப்பும் போகின்றன. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அதனால் இளநீரோடு உப்புப் போட்ட நீர்மோரும் இருந்தால் நல்லது. வாழைப்பழம், வேகவைத்த நிலக்கடலை, கடலைமிட்டாய், கேழ்வரகுக் கூழ், கொய்யா, பருவத்தில் நுங்கு ஆகியவை போதும். காலை 6 முதல் 11 மணி வரைதான் வியாபாரம். சைக்கிளில் மூட்டை தூக்க முடியாது என்பதால் சட்டைப் பையில் அடங்கும் அளவே விற்கும். பிடித்துப்போனால், அடுத்த வாரம் காரில் வந்து அரிசியும் கடலை எண்ணெயும் வாங்குவார்கள்.

ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம். ஞாயிறுதோறும் 20 பேர், ஆளுக்கு 60 ரூபாய் என்றால் 1,200 ரூபாய். கடும் வெயிலும் அடைமழையும் போக ஆண்டில் 35 வாரம் என்றால் 42,000 ரூபாய். பாதி செலவுக்குப் போனாலும் 21,000 ரூபாய் மிஞ்சும். இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் ஒரு பட்டத்துக்கு விதை, உரச் செலவில் ஒரு பகுதியைச் சமாளிக்கலாம். தனி ஒருவர் செய்வதைவிட, மகளிர் சுயஉதவிக் குழு முறைவைத்துச் செய்வது எளிது.

கவனிக்க வேண்டியவை

* வேலிக்கு வெட்டும் சீமைக்கருவேல முள்ளைச் சாலையோரம் போடாதீர்கள். சைக்கிள் டியூபுக்கு அதுதான் முதல் எதிரி. ஒரு காற்றுப் பம்ப் வைத்திருந்தால் அதற்காகவே நிற்பார்கள்.
* அறுவடை நெல்லைச் சாலையில் காயவைத்தால் சைக்கிள் சறுக்கும். நெல்லிலும் கல் கலந்து, அரிசி நொறுங்கி, விலை குறையும். களத்திலோ தார்ப்பாயிலோ காயவைப்பதே லாபம்.
* பூச்சிமருந்து அடித்த வயலுக்குள் பார்வையாளரை விடாதீர்கள். மருந்துப் புட்டியில் சொல்லியிருக்கும் காத்திருப்புக் காலம் முடியாத காயை விற்கவும் கூடாது.
* மோர், கூழ் போன்றவற்றைத் தயாரித்து விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.
* பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம். பனையோலைத் தொன்னை, மண் குவளை போதும். குப்பைக்கூடை ஒன்று கட்டாயம்.
* கிணறு, மின்மோட்டார் பக்கம் யாரும் போகாதபடி தடுப்பு வையுங்கள்.

அயனம்பாக்கத்தில் இன்று ஏரி இருக்கிறது, வயல் இல்லை. திருவள்ளூர் பக்கத்தில் இன்னும் இரண்டும் இருக்கின்றன. மனைத் தரகர் கொடுக்கும் விலைக்கு முன் ஓர் இளநீர்க் கடை ஈடாகாது என்பது உண்மை. ஆனால் வயல் இருக்கும்வரைதான் அந்தச் சாலைக்கு நகரத்தார் வருவார்கள். வாங்குபவர் வாசலுக்கு வரும் நிலத்தை விற்கும் முன், ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கத் தோன்றும். மழை ஓய்ந்து பனி இறங்கும் மார்கழிதான் சைக்கிள் பருவத்தின் தொடக்கம். நவரை நாற்று விடும்போதே சாலையோரம் ஒரு பந்தலும் போட்டுவைக்கலாம்.