காரக் கடுகு விழுது: காரம் குறையாமல் அரைப்பதும், கெடாமல் வைப்பதும்

முட்டைக்கோஸ் வயலில் வைரமுதுகு அந்துப்பூச்சிக்குப் பொறிப்பயிராகவும், மற்ற வயல்களில் வரப்போரமாகவும் கடுகு விதைக்கும் விவசாயிகள் பலர் உண்டு. அறுவடையில் கிடைக்கும் சில கிலோ கடுகைத் தாளிக்க மட்டுமே பயன்படுத்துகிறோம். மேற்கு வங்கத்திலோ பச்சை மிளகாய், மாங்காய் சேர்த்துக் 'காசுந்தி' என்ற காரக் கடுகு விழுதாக அரைத்து வைத்துக்கொள்கிறார்கள். இதை நாமும் வீட்டிலேயே தயாரிக்கலாம்.

முதலில் கடுகைப் பாருங்கள்

வயலில் பிரம்மதண்டு களை இருந்தால் அதன் விதை கடுகோடு கலந்துவிடும். 1998-ல் டெல்லியில் இந்த விதையின் எண்ணெய் கலந்த கடுகு எண்ணெயைப் பயன்படுத்தியவர்களுக்குக் கால் வீக்கமும் மூச்சுத்திணறலும் ஏற்பட்டு, பலர் உயிரிழந்தனர். கடுகு வழவழப்பாக இருக்கும். நசுக்கினால் உள்ளே மஞ்சளாகத் தெரியும். பிரம்மதண்டு விதை சொரசொரப்பாக இருக்கும். உள்ளே வெள்ளையாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் அந்தக் கடுகைப் பயன்படுத்தாதீர்கள். பூச்சிமருந்து தெளித்த பொறிப்பயிரின் விதையையும் உணவுக்கு எடுக்க வேண்டாம்.

காரம் எப்படி வருகிறது?

முழுக் கடுகைக் கடித்தால் உடனே காரம் தெரியாது. கடுகை உடைத்துத் தண்ணீர் சேர்க்கும்போது, அதிலுள்ள ஒரு நொதி வேலை செய்து காரத்தை உண்டாக்குகிறது. வெந்நீர் ஊற்றினால் நொதி செயலிழந்து காரம் வராது. வினிகர் சேர்த்தால் நொதியின் வேகம் குறைந்து, வந்த காரம் நிலைக்கும். அதனால் முதலில் குளிர்ந்த தண்ணீர், பிறகுதான் வினிகர்.

செய்முறை

காய்ந்த கடுகு 100 கிராம் எடுத்து மிக்ஸியில் விட்டுவிட்டுப் பொடியுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறிக் கசக்கும். கொதித்து ஆறிய தண்ணீர் 100 மி.லி. ஊற்றிக் கலந்து 10 முதல் 15 நிமிடம் மூடி வையுங்கள். பிறகு பச்சை மிளகாய் 4, சிறு துண்டு இஞ்சி, அரை தேக்கரண்டி மஞ்சள்தூள், 3 தேக்கரண்டி உப்பு, 100 மி.லி. வினிகர் சேர்த்து அரையுங்கள். புளிப்பு பிடித்தவர்கள் சிறிது மாங்காயும் சேர்க்கலாம். முதல் நாள் சற்றுக் கசக்கும். இரண்டு மூன்று நாட்களில் கசப்பு குறைந்துவிடும்.

சேமிக்கும் முறை

* வெந்நீரில் கொதிக்க வைத்து, வெயிலில் காயவைத்த கண்ணாடி பாட்டிலில் நிரப்புங்கள். புளிப்பு அரிக்கும் என்பதால் இரும்பு மூடி வேண்டாம்.
* ஈரக் கரண்டி போடாதீர்கள்.
* குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே நல்லது. அந்த வசதி இல்லாதவர்கள் சில நாட்களுக்குத் தேவையான அளவு மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள்.
* வினிகர் சேர்க்காத விழுதின் மேல் எண்ணெய் ஊற்றி வெளியில் வைப்பது ஆபத்து. எண்ணெய்க்கு அடியில் காற்றில்லாத இடத்தில் நச்சுக் கிருமி வளரலாம்.
* பூஞ்சணம் தெரிந்தால் மேலாக வழித்துவிட்டுப் பயன்படுத்தாமல், மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

விழுது நாளாக ஆகக் காரம் இழக்கும். ஆனால் நன்கு உலர்ந்த முழுக் கடுகு மாதக்கணக்கில் கெடாது. எனவே கடுகைக் காயவைத்துக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள்.

பயன்படுத்தும் முறை

வெள்ளரித் தயிர்ப்பச்சடியில் அரை தேக்கரண்டி கலக்கலாம். பஜ்ஜி, வடைக்குத் தொட்டுக்கொள்ளலாம். மீன் குழம்பில் அடுப்பை அணைக்கும் நேரத்தில் சேர்க்க வேண்டும். அதிக நேரம் கொதித்தால் காரம் ஆவியாகிவிடும். கடுகு ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

விற்பனை செய்ய நினைப்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்த பிறகே தொடங்குங்கள்.