பிரேசில் போர்த்துகீசியத்தில் மூவிடப்பெயர் மாற்றமும் தோன்றா எழுவாயும்

ஆய்வுச்சுருக்கம்

பிரேசிலில் வழங்கும் போர்த்துகீசியப் பேச்சுமொழியில் வினை ஈறுகள் குறைந்தமையும், எழுவாய் வெளிப்படத் தொடங்கியமையும் தம்முள் தொடர்புடைய மாற்றங்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: போர்த்துகீசியம், மொழி மாற்றம், மூவிடப்பெயர், வினை ஈறு, தோன்றா எழுவாய்

முன்னுரை

‘வந்தேன்’ என்னும் தமிழ் வினைமுற்றில் எழுவாய் தோன்றாவிடினும், ‘ஏன்’ விகுதி தன்மை ஒருமையை உணர்த்திவிடுகிறது. போர்த்துகீசியமும் இவ்வியல்புடைய மொழியே. போர்ச்சுகலில் இவ்வியல்பு இன்றும் நிலைத்திருக்க, பிரேசிலின் பேச்சுவழக்கில் தளர்ந்து வருகிறது. அதன் காரணத்தை மூவிடப்பெயர்களின் வரலாற்றில் காணலாம்.

புதிய மூவிடப்பெயர்கள்

‘வோசா மெர்சே’ என்பது ‘தங்கள் அருள்’ என்னும் பொருளில் உயர்ந்தோரைக் குறித்த மதிப்புத் தொடர். அது ‘வோசே’ எனக் குறுகி, மதிப்புப் பொருளை இழந்து, பிரேசிலின் பெரும்பகுதியில் ‘நீ’ என்னும் பொருளில் வழங்குகிறது. பெயர்த்தொடரிலிருந்து தோன்றியதால், முன்னிலையைக் குறித்தும் படர்க்கை வினையையே ஏற்கிறது. ‘மக்கள்’ என்னும் பொருளுடைய ‘அ ஜென்ச்சி’ என்னும் தொடரும் இவ்வாறே ‘நாம், நாங்கள்’ என்னும் பொருளைப் பெற்று, பழைய ‘நோஸ்’ என்னும் பெயரின் இடத்தைக் கைப்பற்றி வருகிறது. இதுவும் படர்க்கை ஒருமை வினையையே கொள்கிறது.

வினை ஈறுகளின் குறைவு

‘பேசு’ என்னும் பொருளுடைய வினை, பள்ளி இலக்கணத்தில் நிகழ்காலத்தில் ஆறு வடிவங்களைப் பெறும்: ஃபாலு, ஃபாலாஸ், ஃபாலா, ஃபலாமுஸ், ஃபலாய்ஸ், ஃபாலாவ். வோசே, அ ஜென்ச்சி ஆகியவை நிலைபெற்ற பேச்சில் ஃபாலு, ஃபாலா, ஃபாலாவ் என்னும் மூன்றே எஞ்சுகின்றன. பழைய முன்னிலைப் பெயரான ‘து’ இன்றும் வழங்கும் தென்பகுதி நகரான போர்ட்டோ அலெக்ரியிலும், பேச்சில் அது பெரும்பாலும் ‘ஃபாலா’ என்னும் வடிவத்தையே கொள்கிறது. ‘ஃபாலா’ என்று மட்டும் கூறின், பேசுபவன் நீயா, அவனா, நாமா என்பது விளங்காது. எனவே எழுவாய் வெளிப்பட வேண்டியதாகிறது.

நாடகங்கள் தரும் சான்று

மரியா யூஜேனியா துவார்த்தி 1993-இல் வெளியிட்ட ஆய்வு, ரியோ டி ஜெனிரோவில் எழுதப்பட்ட நாடகங்களின் உரையாடல்களை ஒப்பிட்டது. 1845-ஆம் ஆண்டு நாடகத்தில் 80 விழுக்காடாக இருந்த தோன்றா எழுவாய், 1918-இல் 75, 1937-இல் 54, 1992-இல் 26 விழுக்காடு எனக் குறைந்தது. 1918-க்குப் பின் நேர்ந்த வீழ்ச்சி, வோசே முன்னிலைப் பெயராகப் பரவியதோடு இயைகிறது. பெயர் மாற்றம் தொடரமைப்பையும் மாற்றியது என்பதற்கு இது வலுவான சான்றாகும்.

முடிவுரை

இம்மாற்றத்தை மொழிச் சிதைவு எனக் கருதுவது பொருந்தாது. ஈறு இழந்த தெளிவை எழுவாய் ஈடுசெய்கிறது. எனினும் பேச்சுவழக்கைப் பிழையெனக் கொள்ளும் போக்கு வலுவாகவே உள்ளது. ‘ஒஸ் லிவ்ரு’ எனப் பெயர்ச்சொல்லில் பன்மை ஈறின்றிக் கூறும் வழக்கும் பேச்சில் உண்டு என்று விளக்கிய பாடநூலொன்று, 2011-இல் பிரேசிலில் பெரும் விவாதத்தை எழுப்பியது. அந்நூல், அவ்வாறு பேசுவோர் மொழி சார்ந்த இழிவுக்கு ஆளாகக்கூடும் என்றும் எச்சரித்திருந்தது. எழுத்துநடையைக் கற்பிப்பது பள்ளியின் கடமை. மாணவரின் பேச்சுக்கும் ஒழுங்குண்டு என அறிந்து கற்பிக்கும் ஆசிரியரே அக்கடமையை மாணவரை இழிவுபடுத்தாமல் நிறைவேற்ற இயலும்.