பல்லுக்கு ஒரு நூல், கல்லுக்கு ஒரு நூல்: கடல் தூண்டிலின் கடைசி முழத்தைத் தேர்வது எப்படி?

புத்தூர் மீன்பிடிக்குப் பெயர்போன ஊர் அல்ல. செம்மண், வெங்காயம், புகையிலை, வாழை என்றுதான் வெளியூரவர் எங்களை அறிவார்கள். கிழக்கே வாதரவத்தைப் பக்கம் போனால் கடனீரேரி தெரியும். பக்கத்து நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். கடலோடு எங்கள் உறவு பெரும்பாலும் அவ்வளவுதான்.

ஆனால் இந்த ஊரில் கடல் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். என் தாய்மாமன் அவர்களில் ஒருவர். சொந்த ஊர் மயிலிட்டி. 1990 ஜூன் மாதம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் புத்தூரில் ஒரு வாடகைக் காணியில் தங்கினார்கள். ஷெல் துண்டு பட்ட இடது தோளால் மாமாவுக்கு இப்போது வலை இழுக்க முடியாது. அவருக்கு மிஞ்சியது கைத்தூண்டில் ஒன்றுதான். பின்னேரங்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அச்சுவேலி ஊடாகத் தொண்டைமானாற்றுக்குப் போவார். சந்நிதி கோயிலைத் தாண்டி, ஆறு கடலோடு சேரும் பக்கம் நின்று தூண்டில் போடுவார். வீட்டுக் கறியும், மிஞ்சினால் நானூறு ஐந்நூறு ரூபாவும் அதில்தான்.

கடந்த ஆண்டு ஒரு கட்டுரைக்குக் கிடைத்த பணத்தில், யாழ்ப்பாணம் நகரத்துக் கடையொன்றில் அவருக்கு ஒரு சுருள் புளோரோகார்பன் நூல் வாங்கிக் கொடுத்தேன். இருப்பதிலேயே விலை கூடிய நூல், தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது என்று கடைக்காரர் சொன்னார். விலை கூடியது நல்லதாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன்.

அன்று பின்னேரமே அதைக் கட்டிப் போட்டோம். இரை சூடை மீன் துண்டு. ஒரே ஒரு இழுவை. பிறகு நூல் பாரமில்லாமல் கைக்கு வந்தது. தூண்டில் இல்லை. நுனி கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருந்தது.

"சீலா," என்றார் மாமா. "மீன் கண்ணாலையும் பாக்கும், பல்லாலையும் வெட்டும். நீ கண்ணுக்கு மட்டும் நூல் வாங்கியிருக்கிறாய், பிள்ளை."

அந்த ஒரு வசனத்தை விளங்கிக்கொள்ளத்தான் பிறகு பல பின்னேரங்கள் அவரோடு போனேன். கொஞ்சம் வாசித்தும் பார்த்தேன். படகும் வலையும் இழந்து மறுபடி தூண்டிலுக்கு வந்திருப்பவர்களுக்கும், புதிதாகத் தூண்டில் பிடிக்கும் பிள்ளைகளுக்கும் உதவும் என்று அதை இங்கே எழுதுகிறேன்.

முன்துண்டு என்றால் என்ன?

கையில் இருக்கும் நீள நூலுக்கும் தூண்டிலுக்கும் நடுவில் தனியாகக் கட்டும் துண்டைக் கடைகளில் 'லீடர்' என்கிறார்கள். மாமா 'முன்னுக்குக் கட்டுற துண்டு' என்பார். முன்துண்டு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சாணிலிருந்து ஒரு பாகம் வரை நீளம் இருக்கலாம். மீனின் பல், செவுள் மூடி, கடலடிக் கல், மீனின் பார்வை என்று எல்லாம் மோதும் இடம் இதுதான். நீள நூல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தத் துண்டு பிழைத்தால் மீன் இல்லை.

ஆகவே, முதலில் கேட்க வேண்டிய கேள்வி எந்த நூல் நல்லது என்பதல்ல. என் நூலை எது அறுக்கிறது என்பதுதான்.

நுனியைப் பாருங்கள்

அறுந்த நூலை மாமா உடனே எறியமாட்டார். நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நேராக வெட்டுப்பட்டிருந்தால் பல். நுனிக்கு மேலே ஒரு சாண், இரண்டு சாண் தூரத்துக்கு நூல் வெள்ளையடித்து, தடவினால் சொரசொரப்பாக இருந்தால் கல்லில் உரசியிருக்கிறது. நுனி பன்றிவால் மாதிரிச் சுருண்டிருந்தால் நூலில் பிழை இல்லை, முடிச்சு வழுக்கியிருக்கிறது. நூல் இழுபட்டு மெலிந்து அறுந்திருந்தால் அதன் பலத்துக்கு மிஞ்சிய பாரம்.

ஒன்றும் அறுபடாமல், மீன் இரையைக் கிட்டவந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால் அது கண். இந்த ஐந்துக்கும் ஐந்து வைத்தியம். ஒன்றுக்கான வைத்தியத்தை மற்றதற்குச் செய்தால், நான் செய்ததுபோல் காசும் போகும், மீனும் போகும்.

நைலோன்: எங்கள் தங்கூசி

நாங்கள் தங்கூசி என்று சொல்லும் ஒற்றை இழை நூல் நைலோன். சிங்களத்திலும் ஏறக்குறைய இதே சொல்தான், 'தங்குஸ்'. 1935 இல் அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்தில் வொலஸ் கரதர்ஸ் நைலோனை உருவாக்கினார். அதற்கு முன்னர் உலகின் பல இடங்களில் முன்துண்டுக்குப் பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியிலிருந்து இழுத்த நரம்பைத்தான் பயன்படுத்தினார்கள்.

நைலோனின் பெரிய குணம் இழுபடுவது. மீன் திடீரென்று உதறும்போது ரப்பர்போல் கொஞ்சம் நீண்டு அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். தடியும் றீலும் இல்லாமல் வெறுங்கையால் பிடிப்பவருக்கு இது பெரிய உதவி. முடிச்சும் நன்றாக இறுகும். விலையும் குறைவு.

குறைகளும் உண்டு. நைலோன் தண்ணீரை உறிஞ்சும், நனைந்தால் பலம் கொஞ்சம் குறையும். வெயில் அதன் எதிரி. சைக்கிள் ஹான்டிலில் மாதக்கணக்கில் தொங்கிய நூல் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கையால் இழுக்க அறுந்துவிடும். நிழலில் வைக்க வேண்டும், பழசை மாற்ற வேண்டும்.

ஒரு சந்தேகத்தையும் இங்கே தீர்க்கலாம். "தங்கூசி தடை எல்லோ?" என்று பலர் கேட்கிறார்கள். 2006 இல் கொண்டுவரப்பட்ட ஒழுங்குவிதி தடைசெய்தது தங்கூசி வலையை. கண்ணுக்குத் தெரியாமல் தொங்கும் அந்த வலை சிறியது பெரியது பாராமல் எல்லா மீனையும் கொல்லும், தொலைந்த பின்னும் மீனைப் பிடித்துக்கொண்டே இருக்கும் என்பதுதான் காரணம். தூண்டிலில் கட்டும் தங்கூசி நூல் அந்தத் தடைக்குள் வராது.

புளோரோகார்பன்: தெளிந்த தண்ணீருக்கும் கல்லுக்கும்

நான் வாங்கிய நூல் இதுதான். 1971 இல் ஜப்பானின் குரேஹா நிறுவனம் மீன்பிடிக்கென்று சந்தைக்குக் கொண்டுவந்தது. 'கண்ணுக்குத் தெரியாது' என்பது முழு உண்மை அல்ல, ஆனால் அதில் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. தண்ணீரின் ஒளிமுறிவுச் சுட்டி 1.33. புளோரோகார்பனுக்கு 1.42, நைலோனுக்கு ஏறக்குறைய 1.53. தண்ணீரின் எண்ணுக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு மங்கலாகத் தெரியும்.

இதன் பாரமும் வேறு. ஒரு லீற்றர் கடல்நீர் ஏறக்குறைய 1.03 கிலோ. அதே கனவளவு நைலோன் 1.14 கிலோ, புளோரோகார்பன் 1.78 கிலோ. அதனால் இது கெதியாகத் தாழும். தண்ணீரை உறிஞ்சாது, வெயிலையும் தாங்கும். மேற்பரப்பு வைரமாக இருப்பதால் கல்லில் உரசினாலும் நைலோனைவிட நின்றுபிடிக்கும்.

ஆனால் சீலாவின் பல்லுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. விறைப்பான நூல் என்பதால் காய்ந்தபடி முடிச்சை இறுக்கினால் உரசும் சூட்டில் அந்த இடம் பழுதாகிவிடும். எச்சில் தொட்டு மெல்ல இறுக்க வேண்டும். இன்னொன்று, கண்ணை ஏமாற்றும் நூலுக்கு வெளிச்சமும் தெளிந்த தண்ணீரும் வேண்டும். வாடைக்காற்றில் கலங்கிய கடலிலும், பொழுதுபட்ட பிறகும், அந்தக் குணத்துக்காகக் கொடுத்த காசு வீண். மாமா தூண்டில் போடுவதோ பொழுதுபடும் நேரத்தில்.

கம்பி: பல்லுக்கு வேறு வழி இல்லை

சீலா, அறக்குளா போன்றவற்றின் பல் நூலை வெட்டுவதற்கென்றே ஆனது. அதற்குத் துருப்பிடிக்காத உருக்குக் கம்பிதான். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் பிறேக் கேபிளைப் பிரித்து, அதில் ஒரு இழையை எடுத்துத்தான் கட்டினோம் என்றார் மாமா. இரண்டு மூன்று நாளில் துருப்பிடிக்கும், பிறகு அடுத்த இழை.

இப்போது இரண்டு வகை கிடைக்கிறது. ஒற்றைக் கம்பி மெல்லியது, பல்லுக்கு நன்றாக நிற்கும். ஆனால் ஒருமுறை மடிந்து முறுக்கு விழுந்தால் அந்த இடத்தில் உடையும், எறிந்துவிட வேண்டும். பல இழை சேர்த்து முறுக்கிய கம்பி வளைந்து கொடுக்கும். ஆனால் பல் பட்டு இழை ஒவ்வொன்றாக அறும், ஒன்று அறுந்தாலும் மாற்ற வேண்டும்.

ஒற்றைக் கம்பியை முடிச்சுப் போட முடியாது. தூண்டில் காதில் மாட்டி, இரண்டு பக்கத்தையும் ஒன்றோடொன்று மூன்று நான்கு முறை பின்ன வேண்டும். பிறகு நுனியை நெருக்கமாக நான்கைந்து சுற்றுச் சுற்ற வேண்டும். மிச்ச நுனியைக் குறட்டால் வெட்டாமல் முன்னும் பின்னும் ஆட்டி உடைத்துவிடுங்கள். வெட்டினால் நிற்கும் கூர்முனை உங்கள் விரலைக் கிழிக்கும்.

கம்பி மினுங்கும், அதைக் கண்டு சில மீன் விலகும். ஆகவே தேவையான அளவுக்கு மேல் வேண்டாம். சீலாவுக்கு ஒரு சாண், பெரிய அறக்குளாவுக்கு இரண்டு சாண் போதும். கம்பியையும் நூலையும் நேரே கட்டாமல் நடுவில் சுவிவல் எனப்படும் சுழல் வளையம் ஒன்றைப் போடுங்கள்.

எந்த மீனுக்கு எது?

பாரைக்கு வெட்டும் பல் இல்லை, ஓட்டந்தான் பலம். வால் அடியில் இருக்கும் முள்வரிசை நூலை உரசும். 0.70 முதல் 0.80 மில்லிமீற்றர் நைலோன் ஒரு மீற்றருக்குக் குறையாமல் வேண்டும். விளைமீனும் கலவாயும் தூண்டிலோடு கல்லுக்குள் ஓடும். வடக்குக் கரையின் முருகைக்கல்லில் 0.60 முதல் 0.70 வரையான புளோரோகார்பன் தன் விலைக்கு வேலை செய்யும். முடியாதவர் இன்னும் ஒரு படி தடித்த நைலோனைக் கட்டலாம். கொடுவாவின் செவுள் மூடி விளிம்பு சவர அலகு மாதிரி, அதற்கும் தடிப்பு வேண்டும். ஒட்டி, மணலை போன்ற சிறு மீனுக்கு 0.30 போதும். தடித்த நூலைக் கண்டால் அவை கிட்ட வரா.

எங்கே அறவேண்டும் என்பதை நீங்களே தீர்மானியுங்கள்

மாமாவிடம் படித்ததில் பெரியது இதுதான். கல்லில் மாட்டினால் எங்கேயோ ஓரிடத்தில் அறத்தான் போகிறது. அது முன்துண்டில் அறவேண்டும். கைத்தூண்டிலில் நீள நூல் 0.80 என்றால் முன்துண்டு 0.60. மாட்டினால் தூண்டிலும் ஒரு முழ நூலும் போகும், மிச்சம் கைக்கு வரும். தடித்த முன்துண்டு வேண்டுமானால் நீள நூலையும் 1.00 ஆக உயர்த்த வேண்டும். கம்பி இலகுவில் அறாது. ஆகவே நீள நூல், பிறகு ஒரு மீற்றர் 0.60 நூல், பிறகு வளையம், பிறகு ஒரு சாண் கம்பி என்ற ஒழுங்கில் கட்ட வேண்டும்.

தடியும் றீலும் வைத்துப் பின்னல் நூல் பாவிக்கும் இளையவர்களுக்குக் கணக்கு வேறு. பின்னல் நூல் மெல்லியது, கல் பட்டால் உடனே அறும். அங்கே முன்துண்டு தடிப்பாகவே இருக்கும், இரண்டையும் இணைக்கும் முடிச்சைக் கவனமாகப் போட வேண்டும்.

இந்த ஒழுங்கை மாற்றிக் கட்டினால் ஐம்பது மீற்றர் நூல் கடலில் கிடக்கும். அது உக்காது. ஆமையிலும் பறவையிலும் சுற்றும், இன்னொருவரின் படகுக் காற்றாடியில் சிக்கும். கழித்த நூலைத் துண்டு துண்டாக வெட்டி வீட்டுக் குப்பையில் போடுங்கள், கரையில் விடாதீர்கள். இன்னொரு விடயம்: ஓடும் மீனுக்கு நூலைக் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. மாமாவின் வலது சுட்டுவிரலில் எலும்பு வரைக்கும் போன தழும்பு ஒன்று இருக்கிறது. அது போர்த் தழும்பு அல்ல, பாரை தந்தது.

ஏன் இவ்வளவு கணக்கு?

போருக்குப் பிறகு கடன்பட்டு வாங்கிய வலைகளை இந்திய இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போன கதையை வடக்குக் கரையில் யாரிடமும் கேட்கலாம். 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. வலை அறுவது அதோடு நிற்கவில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனது. ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. படகை இறக்காமல் கரையில் தூண்டிலோடு நின்றவர்கள் பலரை அந்த நாட்களில் கண்டேன். அவர்களுக்கு ஒரு தூண்டில், ஒரு வளையம், ஒரு முழம் நூல் போனாலும் அது அன்றைய பாண் காசு.

அடுத்த கிழமை அதே இடத்தில், ஒரு சாண் கம்பியோடு ஒரு சீலா வந்தது. ஒன்றரைக் கிலோ இருக்கும். விற்கவில்லை, மாமி குழம்பு வைத்தார்.

நான் வாங்கிக் கொடுத்த அந்த விலை கூடிய சுருளை மாமா எறியவில்லை. பால்மாப் பேணிக்குள் துணியால் சுற்றி வைத்திருக்கிறார். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலை 3 ஆம் திகதி விடுவிக்கப்பட்டது. மாமாவின் வீட்டுக் காணி இன்னும் வேலிக்கு உள்ளேதான். ஆனாலும் மாதத்தில் ஒருநாள் பழைய கூட்டாளி ஒருவரின் படகில் அங்கே போகிறார். நூலை ஏன் தொண்டைமானாற்றுக்கு எடுப்பதில்லை என்று கேட்டேன்.

"அங்கை தண்ணி தெளிவு, பிள்ளை. கீழை முழுக்கக் கல்லு," என்றார். "எந்தக் கல்லு எங்கை கிடக்கெண்டு எனக்கு இப்பவும் தெரியும். இது அங்கைக்கு."