புகையும் ஆவியும்

திண்டுக்கல் என்றதும் பூட்டு நம் நினைவுக்கு வருகிறது. 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற அப்பூட்டுடன் இரும்புப் பெட்டகங்களும் இந்நகரின் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டு சென்றுள்ளன. பெட்டகமோ பீரோவோ செய்யும் பட்டறைக்குள் நுழைந்தால், ஒருபுறம் பற்றவைப்பின் கண்கூசும் ஒளியையும், மறுபுறம் தெளிப்பானிலிருந்து பறக்கும் வண்ணச் சாரலையும் காணலாம். இரண்டிடத்தும் வேலை செய்வோர் பலவேளைகளில் மூக்கை மறைத்துக் கட்டியிருப்பது கைக்குட்டையே. அது இரண்டிற்குமே பயன்படாது. ஏன் என்பதை அறிய, அவர்கள் எதனைச் சுவாசிக்கிறார்கள் என்று முதலில் காணவேண்டும்.

வெல்டிங் எனப்படும் பற்றவைப்பில் மின்வில்லின் வெப்பத்தால் உலோகத்தின் ஒரு பகுதி ஆவியாகிறது. காற்றில் பட்டதும் குளிர்ந்து ஆக்சைடுத் துகள்களாகிறது. நாம் காணும் புகை அதுவே. அத்துகள்களில் பெரும்பாலானவை 1 மைக்ரானுக்கும் சிறியவை. ஆகவே நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை சென்று சேர்கின்றன. துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்றவைத்தவருக்கு அன்று மாலையே குளிரும் காய்ச்சலும் வரக்கூடும். மறுநாள் அது தணிந்துவிடுவதால் எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பற்றவைப்புப் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவன என்னும் முதல் வகுப்பில் 2017ஆம் ஆண்டு சேர்த்துள்ளது.

இப்புகைக்கு உரியது துகள் வடிகட்டும் முகமூடி. இதனைச் சல்லடை என்று எண்ணுவது பிழை. அதன் நார்களுக்கிடையே உள்ள இடைவெளி துகள்களைவிடப் பெரிது. மிக நுண்ணிய துகள்கள் நேராகச் செல்லாமல் அலைந்து நார்களில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. நார்களில் ஏற்றப்பட்ட மின்னூட்டமும் அவற்றை ஈர்க்கிறது. பிடிப்பதற்கு அரியவை 0.3 மைக்ரான் அளவினவே. அவற்றிலும் 95 விழுக்காட்டைத் தடுப்பது என்-95.

அதே என்-95 வண்ணம் தெளிப்பவரைக் காப்பதில்லை. தின்னரில் உள்ள டொலுவீன், சைலீன் போன்றவை துகள்களாக அன்றி ஆவியாகக் காற்றில் கலந்துள்ளன. அம்மூலக்கூறுகள் நார்களைத் தாண்டிச் சென்றுவிடும். அவற்றைப் பிடிக்கக் கிளர்வூட்டப்பட்ட கரி வேண்டும். நாம் எரித்துவிடும் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் அக்கரி செய்யப்படுகிறது. ஒரு கிராம் கரியின் நுண்துளைப் பரப்பு 500 சதுர மீட்டரையும் மிஞ்சும். சாரலில் ஆவியுடன் வண்ணத் துளிகளும் இருப்பதால், கரிக்குடுவையின் முன் துகள் வடிகட்டியும் பொருத்தவேண்டும். கரி நிறைந்துவிட்டால் ஆவியை விட்டுவிடும். முகமூடியை ஆணியில் மாட்டிவைத்தால், யாரும் அணியாத வேளையிலும் பட்டறைக் காற்றிலுள்ள ஆவியை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மூடிய டப்பாவில் வைப்பதே முறை.

சில வண்ணங்களுடன் சேர்க்கும் கெட்டியாக்கியில் ஐசோசயனேட் உள்ளது. ஆஸ்துமாவைத் தரவல்ல அதன் வரவை மூக்கு உணர்த்தாது. அங்கே வெளியிலிருந்து குழாய்வழித் தூய காற்றுத் தரும் முகமூடியே ஏற்றது. மூடிய தொட்டிக்குள் இறங்கிப் பற்றவைப்போர்க்கும் இது பொருந்தும். வடிகட்டி காற்றைத் தூய்மையாக்குமேயன்றி, குறைந்துபோன ஆக்சிஜனை உண்டாக்காது.

வெல்லமோ வாழைப்பழமோ தின்றால் புகை வயிற்றோடு போய்விடும் என்று நம்புவோர் உள்ளனர். தின்பது இரைப்பைக்குச் செல்கிறது. புகையோ நுரையீரலில் இருக்கிறது! புகை பிறக்குமிடத்திலேயே அதனை உறிஞ்சி வெளியேற்றவேண்டும் என்பதை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வலியுறுத்தியது. ஓரிருவர் மட்டுமே வேலை செய்யும் சிறு பட்டறைகள் பல அதன் எல்லைக்குள் வரவில்லை. அங்கே உறிஞ்சுவிசிறி வைப்பதும் முகமூடி வாங்குவதும் உரிமையாளரின் மனத்தைப் பொறுத்தவையாயின.

வாங்கிய முகமூடியும் முகத்தோடு பொருந்தவேண்டும். என்-95ஐ அணிந்து, இரு கைகளாலும் மூடி, வேகமாக மூச்சை வெளிவிட்டால் கசிவு விளிம்பில் தெரியும். கரிக்குடுவை முகமூடியாயின், குடுவைகளை உள்ளங்கையால் அடைத்து மூச்சை உள்ளிழுக்க, அது முகத்தோடு ஒட்டிக்கொள்ளவேண்டும். தாடி வளர்த்தவருக்கு இரண்டுமே ஒட்டா.